ஜூன் மழைக்கு முன் ஓட்டு வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள்

தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அயினி மரத்தில் கழுக்கோல் (கூரைச் சரிவைத் தாங்கும் கட்டைகள்), மேலே மங்களூர் ஓடு, சுற்றிலும் தென்னையும் பலாவும் நிற்கிற விளை, அதாவது தோட்டம். தாத்தா கட்டிய வீடு என்பதால், இடித்துவிட்டு டெரஸ் போடச் சொல்லாத சொந்தக்காரர்கள் குறைவு. மஸ்கட்டில் இருக்கும் தம்பி கூப்பிடும்போதெல்லாம், "அக்கா, வருஷா வருஷம் ஓட்டுக்கும் சுவருக்கும் போடுகிற காசைச் சேர்த்து வைத்தாலே பாதி வீடு எழும்பியிருக்குமே" என்கிறான். அவன் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, இந்த வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் என்ன செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கும், அதை இடிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அக்டோபரில் வடகிழக்கு வரும். நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை வேறு. சுவரும் மரமும் நன்றாகக் காய்வதற்குக் கிடைப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். அதனால் எங்கள் வீட்டில் வேலை பொங்கல் கழிந்ததும் ஆரம்பிக்கும், மே கடைசியில் முடியும். ஜூனில் ஒழுகுகிறது என்று ஆள் தேடினால், ஊரில் எல்லார் வீடும் அன்றைக்குத்தான் ஒழுகிக்கொண்டிருக்கும்.

இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இந்த வீட்டில் வரும் பழுது எதை எடுத்தாலும், அடியில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் போக வழி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் ஈரம் காய வழி அடைத்திருக்கும். இந்த இரண்டு வழியையும் திறந்து வைத்தால் ஓட்டு வீடு நமக்குப் பின்னாலும் நிற்கும்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது, 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை. பிறகு கோழிக்கோடு, பறோக்கு என்று மலபார்க் கரை முழுக்க ஓட்டுத் தொழிற்சாலைகள் வந்தன. குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் கூரையைப் பார்த்தால் கேரளத்து வீடுகளின் சாயல்தான் தெரியும். இந்த ஓட்டின் கெட்டிக்காரத்தனம் அதன் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்க ஓரத்தில் பள்ளம், மறுபக்கம் மேடு. பக்கத்து ஓட்டின் மேடு இதன் பள்ளத்தில் போய் உட்காரும். பின்பக்கம் அடியில் இருக்கும் மூக்கு, கழுக்கோலுக்குக் குறுக்கே அடித்த ரீப்பர் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கும். சிமெண்டும் இல்லை, ஆணியும் இல்லை. கழற்றவும் மாற்றவும் எளிது.

ஒழுகல் வரும்போது பெரும்பாலும் ஓடு உடைந்திருக்காது. அந்தப் பக்கப் பள்ளத்தில் தூசியும் பாசியும் அடைத்திருக்கும். வாய்க்காலில் மண் சேர்ந்தால் கரை தாண்டுகிற மாதிரி, தண்ணீர் பள்ளத்தைத் தாண்டி உள்ளே விழுகிறது. இதற்கு ஓட்டை இறக்கி, உலர்ந்த நிலையிலேயே தேங்காய் நாரால் தேய்த்துத் திரும்ப வைத்தால் போதும். உடைந்த ஓட்டைக் கண்டுபிடிக்க நல்ல வெயில் நேரத்தில் சன்னல் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு அறைக்குள் நின்று மேலே பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு வெளிச்சம்கூடத் தெரியும். நீளமான கழியில் சுண்ணாம்புத் துணி கட்டி அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிடுவேன். மழையில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் என்று நம்பக் கூடாது. தண்ணீர் ரீப்பரைப் பிடித்து, கழுக்கோல் வழியாகக் கீழே வழிந்து வந்து, ஏதாவது முடிச்சோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஈரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போனால்தான் உண்மையான இடம் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு ஓடு மேய வரும் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் கூரையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஓட்டின் நடுவில் மிதிக்கவே மாட்டார். இரண்டு ஓடு ஏறி நிற்கும் இடத்துக்குக் கீழே ரீப்பர் இருக்கும், அங்கேதான் பாதத்தை வைப்பார். பாசி பிடித்த பக்கத்தில் ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேல் போவார். புது ஓடு வாங்கினால் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்று கேட்டால் நன்றாக வெந்த ஓடு. மொத்தையாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கும், இல்லாவிட்டால் வேகாத ஓடு. தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சீக்கிரம் பொரிந்துபோகும். "டீச்சர், காதாலதான் ஓடு வாங்கணும்" என்பார்.

அவர் கண்டிப்பாக மறுக்கிற ஒரு விஷயம், ஒழுகும் இடத்தில் சிமெண்ட் அப்புவது. ஊரில் பல வீடுகளில் இதைச் செய்கிறார்கள். வெயிலில் ஓடும் சிமெண்டும் ஒரே மாதிரி விரிவதில்லை. ஒரு வருஷத்துக்குள் ஓரத்தில் முடி போலக் கீறல் விடும், அந்தக் கீறல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அப்புறம் அந்த ஓட்டைக் கழற்றவும் முடியாது. கழற்றினால் பக்கத்து ஓடும் சேர்ந்து உடையும். கலவை போட வேண்டிய இடம் கூரை உச்சியில் வரும் மோட்டு ஓடு மட்டும்தான். அங்கேயும் சுண்ணாம்பு கூட, சிமெண்ட் குறைவாக உள்ள கலவை நல்லது.

கூரையில் நான் அதிகம் பயப்படும் இடம் தகரப் பாத்தி. எங்கள் வீடு 'ட' வடிவம். முன்கட்டுச் சரிவும் அடுக்களைச் சரிவும் சேரும் மூலையில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே பாத்தியில் வந்து விழும். பலா இலை அதில் விழுந்து மக்கி ஈரத்தைப் பிடித்து வைத்தால் தகரம் அடியிலிருந்து துருப்பிடிக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்கும் மூலைக் கழுக்கோல்தான் முதலில் உளுக்கும். பழைய தகரத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போட்டோம். அகலமும் கூட்டிப் போட்டோம், ஓட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் நன்றாக உள்ளே போகிற மாதிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கூரை சுமார் 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கே 1,100 லிட்டர். நல்ல மழை நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 11,000 லிட்டர். அதில் ஒரு நல்ல பங்கு அந்த ஒரு பாத்தி வழியாகத்தான் இறங்குகிறது.

ஓட்டை நகர்த்துகிற இன்னொருவர் மரநாய். ராத்திரியில் பலா மரத்திலிருந்து கூரைக்குத் தாவி, ஓட்டைத் தள்ளி, மச்சுக்குள் இறங்கிவிடும். அதைப் பிடிக்கவோ கொல்லவோ சட்டம் இடம் தரவில்லை, எனக்கும் மனசு வராது. கூரைக்கு மேல் நீளும் கிளைகளை வருஷம் ஒரு முறை கழித்து, மச்சின் முக்கோணச் சுவரில் காற்றுக்கு விட்ட துளைகளுக்குக் கம்பிவலை அடித்தோம். அதற்குப் பிறகு தொந்தரவு குறைந்தது. கூரைக்கு மேல் குலை தொங்கும் தென்னை இருந்தால் தேங்காய் முற்றக் காத்திருக்காமல் வெட்டி இறக்கிவிட வேண்டும். ஒரு நெற்று விழுந்தால் ஓடு மட்டும் போகாது, ரீப்பரும் ஒடியும்.

மரத்துக்கு வருகிறேன். அயினி மரத்தைக் கறையான் அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் பிற்பாடு மாட்டுத் தொழுவத்தை அறையாக மாற்றியபோது போட்ட மட்டமான மரங்களில் வந்தது. கறையான் மண்ணுக்குள் இருந்து ஏறி வரும் பூச்சி. சுவரில் பென்சில் பருமனுக்கு மண் குழாய் கட்டிக்கொண்டுதான் வரும். வெறுமனே அந்தக் குழாயைத் துடைத்துவிட்டால் பயனில்லை, வேறு வழியில் திரும்பக் கட்டும். தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து இறக்கினால்தான் மண்ணுக்குள் தடுப்பு உண்டாகும். வருஷத்தின் முதல் மழைக்குப் பிறகு சாயங்காலம் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால், புற்று வீட்டை ஒட்டியே இருக்கிறது என்று அர்த்தம். எங்கிருந்து வருகிறது என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கழுக்கோல்களுக்கு நாங்கள் பூசுவது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். எங்கள் மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் நிறைய, அதனால் கிடைக்கும். கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். பூச்சிக்கும் ஈரத்துக்கும் நல்ல காவல். ஆனால் தோலில் பட்டால் வெந்துபோகும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் யாரையும் தொட விடுவதில்லை.

இப்போது சுவர். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நல்ல வீடுகள் இதில்தான் கெட்டுப்போகின்றன. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் கல்லின் வழியாகக் கொஞ்சம் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். வெயில் காலத்தில் காய்ந்துபோகும். இப்படித்தான் அந்தச் சுவர் நூறு வருஷம் நிற்கிறது. சுவரின் அடியில் பூச்சு உதிர்கிறது என்று யாரையாவது கேட்டால், உடனே "மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசிவிடலாம்" என்பார்கள். எங்கள் நடு அறையிலும் அப்பா காலத்தில் அப்படிச் செய்திருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் சிமெண்டுக்கு மேலே போய் வெளிவரப் பார்க்கும். மூன்றடியில் இருந்த ஓதம் ஐந்தடிக்கு ஏறியது அப்படித்தான். அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

அந்த சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தோம். எடுத்ததும் உடனே பூசவில்லை. ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே திறந்து போட்டோம். காயக் காய வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததைப் பெருக்கி அள்ளி வெளியே போட வேண்டும். பூக்கிற வரைக்கும் தட்ட வேண்டும். அம்மாவுக்கு வீடு போர்க்களம் மாதிரிக் கிடப்பது பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டார். அப்புறம்தான் நீற்றிப் பல வாரம் ஊறிய சுண்ணாம்பும் மணலும் கொஞ்சம் செங்கல் பொடியும் சேர்த்துப் பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரிய பாடு. கிடைத்தவர் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கலந்தார், அவருடைய அப்பா செய்த முறை அது. பூச்சு ஒரே நாளில் விறைக்காது. வெயில் படாமல் சாக்கு நனைத்துப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். இப்போது அந்தச் சுவரில் கை வைத்தால் மழைக்காலத்திலும் உலர்ந்திருக்கிறது.

ஆனால் பூச்சை மாற்றியது பாதி வேலைதான். மீதிப் பாதி வெளியே. முற்றத்து மண் வருஷக்கணக்காக இலையும் சாம்பலும் சேர்ந்து உயர்ந்திருந்தது. முன்னால் பஞ்சாயத்து ரோடும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்தது. கடைசியில் வெளிமண் அஸ்திவாரக் கருங்கல்லின் மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டது. சுவரைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு அடி ஆழம் மண்ணை வெட்டி எடுத்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுத்து, இறவாரத் தண்ணீர் விழும் கோட்டில் ஜல்லி பரப்பினோம். வெறும் மண்ணில் விழுந்தால் சேறு தெறித்துச் சுவரின் அடி எப்போதும் நனையும். ஜல்லியில் விழும் துளி சிதறி அடங்கிவிடும். சுவர் காய்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அங்கே போகும்போது ராஜா கட்டிலையும் கறுத்த பளபள தரையையும் மட்டும் பார்த்துவிட்டு வராமல், கூரை எவ்வளவு தூரம் சுவரை விட்டு வெளியே நீண்டு இறங்குகிறது என்றும் பாருங்கள். நம் மழையைத் தெரிந்தவர்கள் கட்டியது.

முற்றத்துக்கு இண்டர்லாக் கல் போடச் சொல்லி நிறையப் பேர் சொல்கிறார்கள். ஊரில் பாதி முற்றங்கள் இப்போது கல்தான். காலில் சேறு ஒட்டாது என்பது உண்மை. ஆனால் மத்தியான வெயிலில் அந்தக் கல் சூடேறி ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் அனல் விடும், மழைத் தண்ணீர் நேராக ரோட்டுக்கு ஓடும். எனக்கு மணல் முற்றம் போதும். காலையில் ஈர்க்கு வாரியலால் பெருக்கினால் சுத்தமாக இருக்கிறது, பெய்யும் தண்ணீர் அங்கேயே இறங்குகிறது. கிணற்றில் அதன் பலனைப் பார்க்கிறோம்.

கிணறு பற்றி ஒரு கணக்கு. மே மாதம் தூர் எடுப்போம். ஆள் இறங்கும் முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது கட்டாயம். விளக்கு அணைந்தால் கீழே மூச்சுக் காற்று இல்லை, யாரும் இறங்கக் கூடாது. மழை பிடித்து, கலங்கிய தண்ணீர் தெளிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால், ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆலும் ஆழத்தாலும் பெருக்க 9.42 கன மீட்டர் வரும், அதாவது 9,420 லிட்டர். ஏறக்குறைய 24 கிராம் போதும். கைக்கு வந்தபடி அரைக் கிலோவைக் கொட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு வாளியால் இறைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் எடுக்க வேண்டும். ராத்திரி போட்டால் வசதி. மூடாமல் நாள்பட வைத்த பவுடரில் சத்து போயிருக்கும்.

தென்னைகள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. எங்கள் விளையிலும் விழுந்தன. விழுந்த தடியை அப்படியே கிடத்திப் போட்டால் உள்ளே மக்கி, காண்டாமிருக வண்டு முட்டையிட இடமாகிவிடும். வெட்டி, பிளந்து, அப்புறப்படுத்த வேண்டும். சாணிக் குவியலையும் கிளறிப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். ஓலை கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணமாக அறுபட்டிருந்தால் அந்த வண்டு குருத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுவோம், மரத்துக்கு 150 கிராம். சிவப்புக் கூன்வண்டு இதைவிடக் கொடியது. காயம் பட்ட இடம் தேடி முட்டையிடும். மரத்தில் படி வெட்டக் கூடாது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் மரத்திலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது எங்கள் விளையிலும் இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகுச் சுருள், அதிலிருந்து ஒழுகும் இனிப்பு நீர், அந்த நீரில் வளரும் கரும்பூசணம். ஓட்டிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் திண்ணையிலும்கூடக் கரி பூசியது போலப் படிந்துவிடுகிறது. இதற்கு ரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்றே வேளாண் துறையினர் சொல்கிறார்கள், இந்த ஈயைத் தின்கிற, இதில் முட்டையிடுகிற நல்ல பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும் என்பதால். குட்டை மரங்களுக்குக் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறேன், மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டியிருக்கிறேன். கரி படிந்த ஓட்டைத் தேய்த்துக் கழுவும் வேலை கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

கொசுவுக்குத் தனியாக மருந்து எதுவும் செய்வதில்லை. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை, சிரட்டை, பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மாட்டுக் கொட்டிலின் பழைய வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவது மட்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரம் ஒரு முறை கவிழ்த்தால் அது முடியாது. காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் ஓரத்தைத் தேய்த்தும் விட வேண்டும்.

சன்னல் கதவு மழையில் இறுகிக்கொண்டால் அப்போது இழைக்கச் சொல்லாதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது. இழைத்தால் கோடையில் விரல் நுழையும் இடைவெளி விழும். எங்கள் ஆசாரி மழைக்காலத்தில் கூப்பிட்டால் வரவே மாட்டார், "மார்ச்சில பாக்கலாம் டீச்சர்" என்பார். சுவர் வெடிப்பில் அரசோ ஆலோ முளைத்தால் இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு எடுக்க வேண்டும். மின்கம்பியை உரசும் கிளையை நாமே வெட்டக் கூடாது. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான்.

தம்பிக்குச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் காசு ஒரு பெரிய தடையாகத் தோன்றவில்லை. ஆள் கிடைக்காததுதான் தடை. ஓடு மேய, சுண்ணாம்பு பூச, தென்னை ஏற என்று இந்த வீட்டுக்குத் தெரிந்த வேலைக்காரர்கள் எல்லாருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகளை அவர்கள் இந்த வேலைக்கு விடவில்லை. விழுந்தால் கேட்க நாதியில்லாத வேலை என்று சொல்வதில் தப்பும் இல்லை. 2011-லிருந்து தென்னை வளர்ச்சி வாரியம் கருவி வைத்து மரம் ஏறப் பயிற்சி கொடுத்து வருகிறது, அப்படிப் படித்த ஒரு பையன்தான் இப்போது எங்களுக்கு வருகிறான். ஓடு மேய்வதற்கும் சுண்ணாம்புக்கும் அதே மாதிரி ஒரு பயிற்சி வேண்டும். கயிறு, இடுப்புப் பட்டை, காப்பீடு, கௌரவமான கூலி எல்லாம் சேர்த்து. கூரைக்கு மேலே ஆள் ஏறும் நாளில் நான் இப்போது கயிறு கட்டாமல் ஏற விடுவதில்லை, அண்ணன் முணுமுணுத்தாலும்.

இந்த வருஷம் மிச்சம் இருப்பது அடுக்களைப் பக்கத்துக் கூரையில் நூறு ஓடு. கடையில் புது ஓடு கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையின் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. பழைய ஓட்டின் பள்ளத்தில் புது ஓட்டின் மேடு சரியாக உட்காராது, அந்த இடைவெளியில் மழைச்சாரல் நுழையும். பழைய ஓட்டோடு பழைய ஓடுதான் சேரும். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் யாராவது ஓட்டு வீடு இடிப்பதாக இருந்தால், ஓடுகளை உடைத்துப் பள்ளம் நிரப்பாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்பக்கத்தில் பறோக்கு என்று அச்சு இருந்தால் நல்லது. வண்டி நான் கொண்டுவருகிறேன். மே மாதத்துக்குள் கிடைத்தால் அண்ணன் மேய்ந்து தந்துவிடுவார்.